மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்

"எத்தனை தடவை நன்றி சொன்னீங்க?" என்று போனில் மனைவி கேட்டாள்.

மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணினார். "நாலு."

"காப்பி?"

"அது... அவங்களா கொண்டுவந்து வெச்சாங்க."

"குடிச்சீங்களா?"

"ஒண்ணுதான். ரெண்டாவது பாதியில இருக்கு."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "ஏங்க, கிளம்பும்போது என்ன சொல்லி அனுப்பினேன்? சிரிக்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, வண்டி எதுக்குன்னு மூச்சு விடக் கூடாது. நமக்கு அவசரம்னு தெரிஞ்சா ஒரு பைசா இறங்க மாட்டாங்க."

"எதுக்குன்னு சொல்லவே இல்லைம்மா, சத்தியமா."

அது ஒன்றுதான் அவரால் காப்பாற்ற முடிந்தது. கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஹெல்மெட்டை உள்ளேயே விட்டுவிட்டு வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மாமனார் வீட்டோடு இருப்பவர் என்பதால் பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை. கடைக்கு வருபவர்கள் வாயைத் திறக்கும் முன்பே "பார்த்துக் குறைச்சுக்கலாம் சார்" என்று சொல்லி முதலாளியின் வயிற்றில் புளியைக் கரைப்பவர். பேரம் அவர் ரத்தத்திலேயே இல்லை என்று மனைவி சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மருத்துவமனை ஆய்வகத்தில் தினமும் ஐம்பது பேர் ரத்தத்தைப் பார்க்கிறவள்.

அவசரம் உண்மையானது. மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊருக்கு வெளியே இருக்கும் பயிற்சி மையத்தில் திங்கட்கிழமை முதல் வாரம் மூன்று நாள் வரச் சொல்லியிருந்தார்கள். "இந்த மாசங்களை விட்டுட்டா கால் திரும்பறது கஷ்டம்" என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஆனால் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் எந்த வாடகை வண்டியும் நிற்பதில்லை. போன வாரம் நாலு பேர் தலையை ஆட்டிவிட்டுப் போனதும், மாமனார் கோணிய வாயால் சிரித்து, "விடுங்க மாப்பிள்ளை, நான் ஜன்னல் ஓரமே இருந்துக்கறேன்" என்றார்.

வேலை போய் ஒன்றரை வருடம் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, "எப்ப வேலைக்குப் போறீங்க?" என்று ஒரு நாள்கூடக் கேட்காத மனிதர். அவர் ஜன்னல் ஓரமாக இருப்பதா? அன்றே கணவனும் மனைவியும் சேமிப்பை எல்லாம் வழித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். சின்ன கார் ஒன்றின் விலைக்கு அறுபதாயிரம் குறைந்தது. அந்த அறுபதாயிரத்தைப் பேசிக் குறைக்கத்தான் மாப்பிள்ளை வந்திருந்தார்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் போனில்.

"எனக்கு இன்னிக்கு லீவு கிடைக்கல, அதனாலதான் உங்களை அனுப்ப வேண்டியதாப் போச்சு. நல்லவேளை, சாப்பாட்டு நேரம். உள்ள போங்க. வண்டி பிடிக்காத மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோங்க."

மாப்பிள்ளை உள்ளே போய் மூஞ்சியை வைத்துக்கொண்டார்.

டை கட்டிய விற்பனையாளர் அதைப் பார்த்ததும் பதறிவிட்டார். அவரும் சாது போலத்தான் தெரிந்தார். டையின் முடிச்சு ஒரு பக்கம் போக, டை இன்னொரு பக்கம் போயிருந்தது. "சார், ஏன் சார்? வண்டி பிடிக்கலையா?"

"அவ்வளவா இல்ல."

"ஒரு நிமிஷம் சார். மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்."

மூலையில் இருந்த கண்ணாடி அறைக்குள் ஓடினார் டைக்காரர். அங்கே போனை எடுத்து நின்றபடியே பேசினார். அவ்வப்போது தலையை ஆட்டினார். மேனேஜர் மேலிடத்தில் இருப்பார் போல என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். திரும்பி வந்த டைக்காரர், "வாங்க சார், உங்க ரேஞ்சே வேற" என்று மூன்று லட்சம் கூடுதலான ஒரு வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அதிலிருந்து சின்ன வண்டிக்குத் திரும்பி வரவே மாப்பிள்ளைக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வந்த கையோடு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பையில் இருந்த நூலை எடுத்து டிக்கியை அளந்தார். மடித்த சக்கர நாற்காலியின் அகலத்துக்கு முடிச்சுப் போட்டு வைத்திருந்த நூல். பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"சார்... ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஆமா. பேனா."

அவ்வளவுதான். டைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிக்கியின் விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி, வண்டிக்கு அடியில் படுத்து இல்லாத பேனாவைத் தேடினார். கடைசியில் முகமெல்லாம் வியர்வையோடு எழுந்து, தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை நீட்டினார். "மன்னிச்சுக்கோங்க சார், கிடைக்கல. இதை வெச்சுக்கோங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றார் மாப்பிள்ளை. ஐந்து.

வெளியே வந்து மனைவியிடம் ஒப்புக்கொண்டார். மறுமுனையில், மருத்துவமனைச் சாப்பாட்டு அறையில் ஆளாளுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள் போல, ஒரே இரைச்சல்.

"பேனாவை வேற வாங்கிக்கிட்டீங்களா? சரி, விடுங்க. வேற ஷோரூம்ல அறுபதாயிரம் குறைச்சுத் தர்றாங்கன்னு சொல்லுங்க."

"பொய்யா?"

"பின்ன? ஊசி வலிக்காதுன்னு நான் தினம் சொல்றதில்லையா? கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க, நம்பிடுவாங்க."

மாப்பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்தார். கண்ணைப் பார்த்துச் சொன்னார். டைக்காரர் நம்பியும்விட்டார். முகம் வாடி, "எந்த ஷோரூம் சார்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று மனைவி சொல்லவில்லை. மாப்பிள்ளையின் கண்கள் அலைந்தன. சுவர், மேஜை, எதிரே இருந்த காப்பிக் கோப்பை. கோப்பையில் ஒரு பெயர் அச்சடித்திருந்தது. கடவுளே காட்டியது போல அதைப் படித்துச் சொன்னார்.

டைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். "சார்," என்றார் மெதுவாக, "அது நாங்கதான்."

இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள். டைக்காரருக்குத்தான் அதிகக் கூச்சமாக இருந்தது. "பரவாயில்ல சார், எல்லா ஷோரூமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்து ஓடிவிட்டார்.

மாப்பிள்ளையும் வாசலுக்கு ஓடினார்.

"எழுந்து வெளிய வந்துடுங்க" என்றாள் மனைவி. "வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. பின்னாடியே ஓடி வந்து கூப்பிடுவாங்க. எல்லாக் கடையிலயும் இதுதான்."

"கூப்பிடலைன்னா?"

"கூப்பிடுவாங்க!"

மாப்பிள்ளை உள்ளே போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் லேசாகச் சாய்ந்தால்கூடத் தானியங்கிக் கதவு 'வாங்க' என்பது போலத் திறந்துகொண்டது, நிமிர்ந்தால் மூடிக்கொண்டது. உள்ளே டைக்காரர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கூப்பிடத் துடிப்பவர் போலவும் யாரோ கட்டிப்போட்டது போலவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது நிமிடம் எழுந்து வந்தார். மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது.

"சார், ஹெல்மெட்டை மறந்துட்டீங்க."

கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "நன்றிங்க" என்றார் மாப்பிள்ளை கதவைப் பார்த்து.

இப்போது உள்ளே போக ஒரு சாக்குகூட இல்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. போனை எடுத்தார்.

"எல்லாம் கெட்டுப் போச்சும்மா. ஹெல்மெட்டையே குடுத்து அனுப்பிட்டாங்க. இனி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாமாவைப் பார்ப்பேன்? பேசாம உண்மையைச் சொல்லிடட்டுமா? காலில வேணும்னாலும் விழறேன்."

மறுமுனையில் பக்கத்தில் யாரோ 'ஹெல்மெட்டா?' என்று கேட்பது காதில் விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைக்காரரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார் போல. பாவம், தன்னால்தானே என்று மாப்பிள்ளைக்கு அந்த நிலையிலும் மனம் கேட்கவில்லை.

"ஏங்க," என்றாள் மனைவி திடீரென்று. குரல் மாறியிருந்தது. "அப்படியே இருங்க. லைனைக் கட் பண்ணாதீங்க."

ஏதோ முணுமுணுப்பு, நாற்காலி நகரும் சத்தம், கொஞ்சம் சிரிப்பு. சாப்பாட்டு அறையில் இவருடைய கஷ்டம் யாருக்குத் தெரியும்?

"ம், சொல்றதைக் கேளுங்க" என்று மனைவி திரும்ப வந்தாள். "உள்ள போய் உக்காருங்க. அவர் ஒரு விலை சொல்லுவார். சரின்னு சொல்லுங்க."

"குறைக்கச் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். சரி. அந்த ஒரே வார்த்தை."

இவளும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு மாப்பிள்ளை உள்ளே போனார்.

கண்ணாடி அறையிலிருந்து வந்த டைக்காரர் முகத்தில் விளக்குப் போட்டது போல இருந்தது. "சார், மேனேஜர் பேசிட்டாங்க. அறுபதாயிரம் குறைச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்கும். அப்புறம், பின்சீட்டுல ஒரு பக்கம் மடிக்கிற மாதிரி பண்ணித் தரோம், சக்கர நாற்காலி வைக்க வசதியா."

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாற்காலி விஷயம்... நான் சொல்லவே இல்லையே?"

"மேனேஜர் சொன்னாங்க சார்."

யார் அந்தப் புண்ணியவான்? நூலில் போட்ட முடிச்சைக் கேமராவில் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரா? மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லவேண்டிய ஒரே வார்த்தை மறந்துபோயிற்று.

"இவ்வளவு குறைச்சா உங்களுக்குக் கஷ்டம் இல்லையா? அஞ்சாயிரம் சேர்த்துப் போட்டுக்கோங்க, எங்கயாவது புரட்டிடறேன்."

"ஐயோ, வேண்டாம் சார்! அதுவரைக்கும் குறைக்க எனக்குக் கம்பெனியே இடம் குடுத்திருக்கு."

"சரி, மூவாயிரம்."

"ஒரு ரூபாகூட வாங்க மாட்டேன் சார். மேனேஜர் என்னை உரிச்சுடுவாங்க."

"ஆயிரமாவது—"

"சார், உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்று டைக்காரர் கையைக் கூப்பினார். "இந்த மாசம் நான் ஒரு வண்டிகூட விக்கல. இது போகலைன்னா வேலையே போயிடும். நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

இருவரும் மாறி மாறி நன்றி சொல்லிக்கொண்டதில் ஆறு கோப்பைக் காப்பி ஆறிப்போனது. கடைசியில் டைக்காரரின் பேனாவாலேயே மாப்பிள்ளை பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"மேனேஜர்கிட்ட நான் ரொம்ப விசாரிச்சதாச் சொல்லுங்க. எங்க குடும்பமே அவருக்குக் கடமைப்பட்டிருக்கு."

"கண்டிப்பாச் சொல்றேன் சார். இப்பவே சொல்லிடறேன்" என்று டைக்காரர் போனோடு கண்ணாடி அறைக்குப் போனார்.

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். கதவு மரியாதையாக வழிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசி ஜெயித்த களிப்பில் மனைவியைக் கூப்பிட்டார்.

"முடிச்சுட்டேன்! முழுசா அறுபதாயிரம்! மாமாகிட்ட சொல்லிடு, திங்கக்கிழமை நானே ஓட்டிக்கிட்டுப் போறேன். அந்த மேனேஜர் லேசுப்பட்ட ஆளு இல்லம்மா, பயங்கரக் கறார். கடைசியில நானும் விடல."

"தெரியுங்க. நீங்க கெட்டிக்காரர்தான்" என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்போது அவள் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்குரல் கேட்டது: "அக்கா, எங்க வீட்டுக்காரரும் ஷோரூம்லேர்ந்து போன் பண்ணிட்டார், உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாராம். நாம பேசி முடிச்சே அரை மணி நேரமாச்சு, இனிமேலாவது டப்பாவைத் திறங்க, சாப்பிடலாம்!"