மாதிரிக் கர்ப்பிணி

பெண்குலத்தைப் போற்றிய ஆலைகள் உலகத்தில் பல இருக்கலாம். ஒரே நாளில் போற்றி முடித்த ஆலை, அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றுதான். 2003-ஆம் வருஷம், மறுநாள் சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், கிழிந்த சாக்குகள் குடியிருந்த அறைக்கு வெள்ளையடித்து, 'கர்ப்பிணிகள் ஓய்வறை' என்று எழுதி, கட்டிலும் போட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டார்கள்.

குறை ஒன்றே ஒன்று. கர்ப்பிணி இல்லை. வயிறு தெரிந்த அன்றே வேலையை விட்டு அனுப்புவதுதான் அங்கே 'தாய்மைப் பாதுகாப்பு'.

மலர்க்கொடிக்கு அது நன்றாகத் தெரியும். புருஷன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கால் ஒடிந்து வீட்டில் கிடக்க, அடுப்பெரிவது அவள் கூலியில். தூசிக்காகப் பெண்கள் எல்லோரும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டுவது வழக்கம். அவள் சட்டைக்குள் ஏழு மாசம் ஒளிந்திருந்தது.

மேஸ்திரி கருப்பண்ணன் பெண்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தார்.

"மலரு, நீதான் பூசுனாப்புல இருக்கே. நாளைக்கு ஒருநா மாசமா இருக்கணும்."

அவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு நடிக்கத் தெரியாதுங்க."

"வயித்துல துணியக் கட்டிக்கிட்டு மூச்சு வாங்கு. இதுல என்னா நடிப்பு?"

"நல்லாச் செய்வா மேஸ்திரி, நம்பி வுடுங்க" என்றாள் வரிசையில் பக்கத்தில் நின்ற குஞ்சம்மாள். சங்கதி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் மலர்க்கொடி சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பாடா என்றிருந்தது. மேனேஜர் மேஸ்திரியின் காதைக் கடித்தார்: "துணி கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா அம்சமா இருக்குய்யா."

சோதனைக்கு வந்த அதிகாரி அம்மாள், மலர்க்கொடியின் வயிற்றில் கை வைத்தார். உள்ளேயிருந்து ஓர் உதை.

"புள்ள நல்லாத் துள்ளுது!" என்று மகிழ்ந்து, எல்லோரோடும் நின்று படம் எடுத்துக்கொண்டு, 'முன்மாதிரி ஆலை' என்று எழுதிவிட்டுப் போனார்.

மேனேஜர் முகம் வெளுத்திருந்தது. "ஏம்மா, துணி எப்படி ஒதைக்கும்? மொதல்ல அத அவுத்துப் போடு."

"அவுக்க இன்னும் ரெண்டு மாசம் ஆவும் சார்."

விசாரணை முறைப்படி நடந்தது. கர்ப்பிணியாக நடிக்க நியமிக்கப்பட்டவர், நடிக்காமல் உண்மையிலேயே கர்ப்பமாக இருந்து நிர்வாகத்தை ஏமாற்றியது சந்தேகமற நிரூபணமாயிற்று. ஆகவே வேலைநீக்கம்.

ஆனாலும் ஆலை அவளை மறந்துவிடவில்லை. வயிற்றைத் தாங்கிச் சிரிக்கும் அவள் படத்தைப் பெரிதாக்கி, 'தாய்மையைப் போற்றுவோம்' என்ற வாசகத்தோடு கேட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள். வாட்ச்மேனுக்கு உத்தரவும் போட்டாயிற்று: படத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள், இந்த முகம் வந்தால் உள்ளே விடாதே.