முதலில் கை, அப்புறம் வாய்

பேட்டரி ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்க்காத குறையாகச் சோதித்துவிட்டாள் பெட்டியம்மா. ஒன்றிலும் உயிர் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் புது ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள். எவ்வளவு நேரம்தான் சிரித்துக்கொண்டே இருப்பது? வாசலில் நின்ற காவலரைக் கண்ணாலேயே கூப்பிட்டாள். இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும் என்பதால் அவர் எல்லாருக்கும் சாவியண்ணன்.

"அண்ணே, இந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"யாரும் தொடலையேம்மா. என் டார்ச்சு எரியலைன்னு கொஞ்சம் எடுத்தேன். அப்புறம் ரேடியோவுக்குக் கொஞ்சம். மத்தபடி ஒரு ஈ காக்கா தொடலை."

"எடுத்த இடத்துல பழசைப் போட்டு வெச்சிருக்கீங்க."

"பின்ன, வெறுமனே விட முடியுமா? பெட்டி குறையுதுன்னு நீங்க வருத்தப்படுவீங்களே."

அவள் திரும்பி மறுபடியும் சிரித்தாள்.

பெட்டியம்மா அந்தக் கல்வி மாவட்டத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் ஒருங்கிணைப்பாளர். பள்ளி திறக்கும் முன் ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களை உட்கார வைத்து, இந்த மாவட்டத்தில் அறிவியல் எப்படி நடத்தப்படுகிறது என்று காட்டுவது அவள் பொறுப்பு. அங்கே பாடம் புத்தகத்தில் இல்லை, பெட்டியில் இருந்தது. மூன்றாம் வகுப்புக்கு மின்சாரப் பெட்டி. இரண்டாம் வகுப்புக்குப் புழுப் பெட்டி. முதல் வகுப்புக்கு விதைப் பெட்டி. பிள்ளைகள் திறப்பார்கள், தொடுவார்கள், உடைப்பார்கள், கற்பார்கள்.

முதல் பெட்டியை அவளும் அவள் கணவரும் சேர்ந்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தார்கள். "பிள்ளைங்க முதல்ல கையைத் திறக்கட்டும், வாயை அப்புறம் திறக்கலாம்" என்பார் அவர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மேசையில் அவர் பற்றவைப்புக் கருவியால் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது; அதன்மேல் விரிப்புப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது பெட்டிகளுக்கே ஆபத்து. புதிதாக வந்த இயக்குநர், வகுப்புக்கு ஒரு திரை மாட்டிப் படம் போட்டால் போதும் என்கிற கட்சி. "புழுவைப் படத்துல பார்த்தாலும் புழுதானேம்மா?" என்று கேட்டார். அவள் விடவில்லை. வாதாடி வாதாடி ஒரு சலுகை வாங்கியிருந்தாள். இன்று பயிற்சியை அவர் நேரில் வந்து பார்ப்பார். புது ஆசிரியர்களுக்குப் பெட்டி பிடித்திருந்தால் பெட்டி இருக்கும். இல்லாவிட்டால் அத்தனையும் பழைய சாமான் கடைக்கு.

காலையில் கீழ்க்கூடத்து வாசலிலேயே சாவியண்ணன் மறித்தார். "உள்ள அந்தத் திரையை மாட்டிக்கிட்டிருக்காங்கம்மா. நீங்க மேல போயிடுங்க." எதிரி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் பெட்டிகளோடு மாடி ஏறினாள். ஏறிப் பார்த்தால் மேல்கூடத்தில் எல்லாரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கசங்காத சட்டை, வாரிய தலை, மடியில் ஒரே நிறத்தில் பை. நேரத்துக்கு வரும் ஆசிரியர்களைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அவளுக்கு அப்போதே பாதி வயிறு நிறைந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த தாடிக்காரர் எழுந்தார்.

"மேடம், முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறோம். நாங்க வந்து..."

"உட்காருங்க. இங்க ஒரே ஒரு சட்டம்தான். முதல்ல கை, அப்புறம் வாய். எதையும் செஞ்சு பார்க்காம யாரும் பேசக் கூடாது."

"இல்ல மேடம், இது ரொம்ப..."

"கை!"

தாடிக்காரர் தம் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்த வகுப்புக்குப் போகப் போறீங்க?" என்று கேட்டாள், அவர் முகம் வாடியதைப் பார்த்து.

"எல்லா வகுப்புக்கும்தான் மேடம்."

"இப்படித்தான் கிளம்புவாங்க. ஒரு மாசம் போகட்டும், ஒரு வகுப்பை மேய்க்கறதே பெரும்பாடுன்னு கும்பிடுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள்.

நல்ல பிள்ளைகளுக்கு எரியாத பேட்டரியைக் கொடுக்க முடியாது. அவள் சுற்றிலும் பார்த்தாள். சுவரில் கடிகாரம். அதில் ஒரு பேட்டரி. ஏசியின் ரிமோட்டில் இன்னும் இரண்டு. சாவியண்ணனை நாற்காலிமேல் ஏற்றிக் கடிகாரத்தை இறக்கினாள், ரிமோட்டின் முதுகைத் திறந்தாள். கம்பியை வைத்ததும் குட்டி பல்பு பளிச்சென்று எரிந்தது.

"ஹே!" என்றது கூடம்.

கடைசி வரிசையில் இருந்த ஒல்லியானவர் ஓடி வந்தார். "மேடம், மூணையும் சேர்த்து வெச்சா இன்னும் நல்லா எரியும்ல?"

கை முதலில் என்று சொன்னவள் அவள்தானே, எப்படித் தடுப்பது? அவர் வைத்தார். பல்பு ஒரு கணம் சூரியனாக இருந்தது. அடுத்த கணம் கறுத்துச் செத்தது. பதறிப் போய் அவர் கையை உதறியதில் மூன்று பேட்டரிகளும் எகிறி, திறந்திருந்த பெட்டிக்குள் விழுந்து, செத்த கூட்டத்தோடு கலந்துவிட்டன. எது உயிர், எது பிணம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஏசி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. சாவியண்ணன் காலையில் அதைக் கடைசிக் குளிரில் வைத்திருந்தார். ரிமோட்டுக்கு உயிர் இல்லை. சுவரில் இருந்த சுவிட்சும் என்றைக்கோ உடைந்துபோயிருந்தது. அணைக்க வழி இல்லை. சிறிது நேரத்தில் வருங்கால ஆசிரியர்கள் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட பெண்ணுக்குப் பல் தந்தியடித்தது.

"மேடம், இதுவும் பாடமா?"

"ஜன்னலைத் திறந்தா சரியாப் போயிடும்மா."

ஜன்னலைத் திறந்தாள். வெளியே நல்ல காற்று. அந்தக் காற்று இத்தனை நாள் இந்த ஒரு ஜன்னலுக்காகவே காத்திருந்தது போல உள்ளே புகுந்து, திரைச்சீலையைத் தூக்கி, மேசை ஓரத்தில் இருந்த புழுப் பெட்டியின்மேல் வீசியது. பெட்டி கவிழ்ந்தது. தவிட்டோடு சேர்ந்து, நூற்றுக்கணக்கான மாவுப்புழுக்கள் தரையில் கொட்டின.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"நெளியுது!" என்றார் ஒல்லி.

அவ்வளவுதான். ஆணென்ன, பெண்ணென்ன, அத்தனை பேரும் நாற்காலிமேல் நின்றார்கள். தாடிக்காரர் நாற்காலி போதாது என்று மேசைமேலேயே ஏறிவிட்டார்.

சரியாக அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் உள்ளே வந்தார்.

நாற்காலிகள்மேல் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஆசிரியர்கள். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு ஆணி. நடுவே, கையில் கருகிய பல்போடு பெட்டியம்மா. இயக்குநர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

பழைய சாமான் கடைக்காரன் தராசோடு வாசலில் வந்து நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் மேசைமேலிருந்து ஒரு குரல்.

"சார், அசையாதீங்க! காலடியில பாருங்க!"

தாடிக்காரர்தான். இயக்குநர் ஒற்றைக் காலில் நின்றார்.

"எல்லாம் ஒரே பக்கமாப் போகுது சார். கவனிச்சீங்களா? ஒண்ணுகூட ஜன்னல் பக்கம் போகலை. எல்லாம் பீரோ அடியில போகுது."

"குளிருதுல்ல, அதான் ஒதுங்குது" என்றார் ஒல்லி.

"குளிர்னா ஏசிக்கு நேர் எதிரா இல்ல போகணும்?" கண்ணாடிப் பெண் நாற்காலியிலிருந்து ஒரு காலை இறக்கினாள். "பீரோ ஏசிக்குக் கீழதானே இருக்கு. அதுக்கு வெளிச்சம் பிடிக்கலை. இருட்டைத் தேடுது."

"குளிர்தான்!"

"இருட்டுதான்னு சொல்றேன்ல!"

"எப்படி நிரூபிப்பீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டது தானே என்பது பெட்டியம்மாவுக்கே பிறகுதான் உறைத்தது.

அத்தனை பேரும் கீழே இறங்கினார்கள். கொஞ்சம் முன்பு புழுவைக் கண்டு அலறியவர்கள் இப்போது மண்டி போட்டு, காகிதத்தில் அவற்றை ஒன்றொன்றாக ஏந்தினார்கள். கசங்காத சட்டைகளில் தவிடு ஒட்டியது. ஏசிக் காற்று படாத மூலையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, பக்கத்தில் எட்டிப் பார்க்க ஓட்டை போட்டார்கள். உள்ளே ஒரு முனையில் வெளிச்சம் வேண்டும், மறுமுனையில் இருட்டு வேண்டும்.

"பல்பு இன்னொண்ணு இருக்கு" என்றாள் பெட்டியம்மா. "பேட்டரிதான் எது நல்லதுன்னு தெரியலை."

"தெரியலைன்னா என்ன மேடம்?" கண்ணாடிப் பெண் பேட்டரிகளை அள்ளினாள். "செத்ததுலயும் கொஞ்சம் உயிர் ஒட்டிக்கிட்டிருக்கும். ஒண்ணால முடியாதது நாலஞ்சு சேர்ந்தா முடியாதா? ஒவ்வொண்ணாக் கூட்டிக்கிட்டே போவோம். எரிஞ்ச உடனே நிறுத்திடுவோம்."

காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒன்றன் பின் ஒன்றாகப் பேட்டரிகளை உள்ளே விட்டார்கள். ஒல்லி கம்பியைப் பிடித்தார். தாடிக்காரர் மறுமுனையை அழுத்தினார். இன்னொரு பேட்டரி. எரியவில்லை. இன்னொன்று. இல்லை.

"இன்னும் ஒண்ணு போடுங்கப்பா" என்றது ஒரு குரல். பார்த்தால் இயக்குநர், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

போட்டார்கள். அட்டைப்பெட்டியின் ஓட்டையிலிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சம் மெல்லக் கசிந்தது.

எல்லாரும் முறை வைத்து ஓட்டையில் கண்ணை வைத்தார்கள். புழுக்கள் கொஞ்சம் யோசித்தன. பிறகு ஒன்று திரும்பியது. அடுத்தது திரும்பியது. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, வரிசையாக இருட்டுப் பக்கம் நடந்தன.

"இருட்டுதான்!" என்று குதித்தாள் கண்ணாடிப் பெண். ஒல்லி தோற்றதற்காக அவளுக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையில் ஒரு புழு இருந்தது. அவள் அதை உதறவில்லை; உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெட்டியம்மா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியது. கணவர் இருந்திருந்தால் இந்நேரம் ஓட்டையில் கண்ணை வைத்தவர் எடுத்திருக்கவே மாட்டார், யாருக்கும் முறை வந்திருக்காது என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது.

இயக்குநர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கூடத்தைப் பார்த்துப் பேசினார்.

"உங்களையே கேக்கறேன். மனசுல பட்டதைச் சொல்லணும். இதையே திரையில ஒரு படமாப் போட்டுக் காட்டியிருந்தா, இந்த ஆர்வம் உங்களுக்கு வந்திருக்குமா?"

கண்ணாடிப் பெண் தாடிக்காரரைப் பார்த்தாள். ஒல்லியும் தாடிக்காரரைப் பார்த்தார். தாடிக்காரர் தம் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு புழுவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வராது சார்" என்றார் கடைசியில், சொந்த வீட்டைப் பிறர் பெயருக்கு எழுதிக் கொடுப்பவரின் குரலில்.

"போதும். எல்லாப் பள்ளிக்கும் பெட்டிதான். திரை வேண்டாம். முடிஞ்சது பேச்சு!"

கைதட்டல் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் கண்ணாடிப் பெண் தட்டினாள். பிறகு ஒல்லி. தாடிக்காரர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மற்ற எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். மேசையை நோக்கி வந்து, "மேடம், அந்த மூணாவது பெட்டியை இன்னும் திறக்கவே இல்லையே" என்றார் ஆசையாக. "ஒரு பத்து நிமிஷம் கொடுத்தீங்கன்னா..."

"விதைப் பெட்டி. தாராளமாத் திறங்க."

இயக்குநர் அவள் பக்கமாகக் குனிந்தார். "தப்பு என்மேலதான்மா. இந்த மாதிரி ஆசிரியர்களை நான் பார்த்ததே இல்லை. எங்கேருந்து பிடிச்சீங்க இவங்களை?"

"பிடிக்கறது என்ன சார்" என்றாள் பெட்டியம்மா, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி. "நல்ல மண்ணு. தண்ணி ஊத்தினா முளைக்குது."

அப்போது கீழே போயிருந்த சாவியண்ணன் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். சாவிக்கொத்து குலுங்க வாசலிலேயே நின்று, விதைப் பெட்டியைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டிருந்த கூட்டத்தையும், தலை நிமிர்ந்து நின்ற பெட்டியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டீச்சருங்க அத்தனை பேரும் காலையிலேருந்து கீழ அந்தத் திரைக்கு முன்னாடி உட்கார்ந்து தூங்கிக்கிட்டிருக்காங்க. இவங்கல்லாம் அந்தத் திரையை விக்க வந்தவங்க!"