நிலா எடைக்கு வெல்லம்

"எடைக்கு எடை வெல்லம் தருகிறேன்" என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டபோது, எந்த ஊர் எடை என்று நான் சொல்லவில்லை. என் தப்புதான்.

என் வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு மஞ்சள் காமாலை. பதறிப்போய் வேண்டிய வேண்டுதல். ஆள் தேறி, எண்பத்து நாலு கிலோவும் ஆகிவிட்டார். தீபாவளி போனஸ் வந்ததும் துலாபாரம் என்று பேச்சு. போனஸ் வந்தது. அதே வாரம் நம் ஆட்கள் நிலாவுக்கு ராக்கெட் விட்டார்கள். வந்தது வினை.

அவருக்குக் காக்களூரில் ஸ்பிரிங் கம்பெனியில் வேலை. பேப்பரும் கையுமாக வந்தார்.

"திலகா, எங்க கம்பெனி ஸ்பிரிங் தராசை நிலாவுல மாட்டி என்னைத் தொங்கவிட்டா எவ்ளோ காட்டும் தெரியுமா? பதினாலு கிலோ!"

"ஐயையோ, அவ்ளோ எளைச்சிடுவீங்களா?"

"எளைக்க மாட்டேன்மே. நிலா கம்மியா இழுக்குது. அதான் எடை ஆறுல ஒரு பங்கு. நிறை அப்டியேதான் இருக்கும்."

"நிறைன்னா இன்னாங்க?"

"உடம்புல இருக்கிற சரக்கு. அது எங்க போனாலும் மாறாது. எடைதான் மாறும். நீ எடைன்னுதானே வேண்டிக்கின? நிலா எடையே போதும். பதினாலு கிலோ வெல்லம், மிச்சத்துல கேமரா போன்!"

எனக்குச் சோறு இறங்கவில்லை. பெருமாள் கோபித்துக்கொண்டு காமாலையைத் திருப்பி அனுப்பினால்? நான் ஆறாவதோடு நின்றவள். அவரோ பத்தாவது வரை போய் பெயிலானவர். எதிர்த்துப் பேச முடியுமா? ஆனாலும் அந்த நிலா மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

"ஏங்க, அங்க நம்ம கிரைண்டரை ஒத்தக் கையால தூக்கலாமா?"

"தூக்கலாம். ஆனா இப்டியும் அப்டியும் ஆட்டிப் பாரு, இங்க மாதிரியே முரண்டு பிடிக்கும். நிறை மாறலையே!"

மறுநாள் மளிகைக்கடை ஆதிகேசவன் தராசில் பருப்பு போட்டார். ஒரு தட்டில் பருப்பு, ஒரு தட்டில் படிக்கல். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னாக்கா, எடையில சந்தேகமா?"

"இல்லப்பா. இந்தத் தராசு நிலாவுக்குப் போனா பருப்பு மேல போவுமா?"

"பருப்பு லேசானா கல்லும்தானே லேசாவும்? தட்டு அப்டியே நிக்கும்க்கா. சீக்கிரம் பையைப் பிடி!"

வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"சரிங்க. நிலா எடையே இருக்கட்டும். அதே ஸ்பிரிங்குல, அதே நிலாவுல, வெல்லமும் பதினாலு காட்டணும். சத்தியம் பண்ணுங்க."

கற்பூரத்தை ஏற்றினேன். சிரித்த முகமாக அதன்மேல் அடித்துச் சத்தியம் செய்தார்.

"வெல்லத்தையும் நிலா கம்மியாதானே இழுக்கும்?"

"ஆமா... கம்மியாதான்..."

"அப்ப அங்க பதினாலு காட்ட, இங்கருந்து எவ்ளோ ஏத்தணும்?"

பேப்பர் ஓரத்தில் ஆறால் பெருக்கினார். அடித்தார். மறுபடி பெருக்கினார். எண்பத்து நாலுதான் வந்தது. காலண்டரைப் பார்த்தார். துலாபாரத்துக்கு இன்னும் மூன்று நாள்.

"திலகா, இன்னிலருந்து எனக்கு ரெண்டு இட்லி போதும்மே."