நகருங்க, நான் பாக்கறேன்!

நகருங்கசார் என்றொரு மனித இனம் உண்டு. அவருடைய சொந்தப் பெயர் எதுவாகவும் இருக்கலாம், படிப்பு எதுவாகவும் இருக்கலாம், சம்பளம் வாங்குவது நிச்சயமாக வேறு ஏதோ ஒரு வேலைக்காகத்தான். ஆனால் பத்தடி தூரத்துக்குள் யாராவது ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு லேசாக உச்சுக் கொட்டினால் போதும், எங்கிருந்துதான் முளைப்பாரோ, சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்து முதுகுக்குப் பின்னால் நின்று, "நகருங்க, நான் பாக்கறேன்" என்பார். நீங்கள் நகர்ந்தே ஆகவேண்டும். நகராவிட்டால் உங்கள் தோளுக்கு மேலாகக் குனிந்து மௌஸைப் பிடிப்பார். அவர் பையில் இருக்கும் பேனா உங்கள் காதைக் குத்தும். நகர்ந்துவிடுவதே நல்லது.

உங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்வது பழுது பார்ப்பது என்றா நினைத்தீர்கள்? இல்லை. நாற்காலியின் உயரத்தை மாற்றுவார். பிறகு கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, அதிலிருந்து உதிர்கிற தூளையும் துணுக்கையும் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். உங்கள் மானத்தில் பாதி அங்கேயே போய்விடும். மீதிப் பாதியைக் கேள்வி கேட்டு வாங்குவார்.

"நீங்க என்ன தொட்டீங்க?"

"நான் ஒண்ணும் தொடல சார்."

"ஒண்ணும் தொடாம எப்படிம்மா ஆகும்? தானா ஆகுமா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. தொடவில்லை என்று எவ்வளவுக்கெவ்வளவு சத்தியம் செய்கிறீர்களோ, அவ்வளவுக்கவ்வளவு குற்றவாளியாகத் தெரிவீர்கள். கடைசியில் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் அலுவலகத்து நகருங்கசார் ஸ்டோர் ரூம் பொறுப்பாளர். ஒரு பேனா வேண்டும் என்று அவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தால் கைக்கு வர நான்கு நாளாகும். கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் நான்கு நொடியில் ஆளே வந்து நிற்பார். ஸ்டோர் ரூம் கதவில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்ற அட்டை வருஷம் முழுக்கத் தொங்கும். மனிதர் கெட்டவரா? அதுதான் இல்லை. தங்கமான மனசு. கெட்டவராக இருந்தால் "போய்யா, உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிடலாம். உதவி செய்தே தீருவேன் என்று வருகிற நல்லவரை என்ன சொல்லி அனுப்புவது?

அவரிடம் மூன்றே மூன்று மருந்துகள் உண்டு. முதலில் "இது ரொம்ப சின்ன விஷயம், அஞ்சு நிமிஷம்" என்பார். அரை மணி கழித்து "இந்த வெர்ஷனே இப்படித்தான்" என்பார். அதற்கும் மசியவில்லை என்றால் உதட்டைப் பிதுக்கி, எழுந்து நின்று, எல்லா வயர்களையும் ஒரு முறை பிடுங்கிச் செருகிவிட்டு, "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாம்" என்பார்.

அவருடைய பெருமையை நீங்கள் முழுசாக உணர வேண்டுமென்றால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பழைய ஃபைல்களைப் பார்த்துக்கொள்கிறவன். என் மேசைக்கு நேர் எதிரே எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவின் மேசை. அதனால் எல்லாவற்றையும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கணவருக்கு வேலை எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற வேறொரு ஊரில். அந்த ஊரில் எங்களுக்கும் ஒரு கிளை இருக்கிறது. இடமாற்றம் கேட்டு எழுத வருஷத்தில் ஒரே ஒரு வாரம்தான் அனுமதி. அந்த வாரத்தின் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்குத் தலைமை அலுவலகத்து வண்டி வந்து ஃபைல்களை எடுத்துக்கொண்டு போய்விடும். அதில் விண்ணப்பம் ஏறவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் குழந்தைக்கு அப்பா போனில்தான்.

மேலாளர் வாரத்தின் முதல் நாளே சொல்லிவிட்டார். "நான் கையெழுத்துப் போட்டுடறேம்மா. ஆனா சும்மா குடும்பக் காரணம்னு எழுதினா அங்க ஓரமா தூக்கி வச்சிடுவாங்க. படிக்கறவன் மனசுல தைக்கற மாதிரி எழுதுங்க."

ஊரார் கடிதத்தையெல்லாம் மின்னல் வேகத்தில் அடிக்கிறவருக்குச் சொந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தி மட்டும் மூன்று நாளாக வரவில்லை. எழுதுவார், அழிப்பார், மோட்டுவளையைப் பார்ப்பார்.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தகவல். அன்று மத்தியானம் நகருங்கசார் அடுத்த வாரக் கூட்டத்துக்காக மீட்டிங் ஹாலில் இருந்த ப்ரொஜெக்டரைத் தயார் செய்தார். ஹால், டைப்பிஸ்ட் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம். எனவே சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கறுப்பு வயரை இழுத்து அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் செருகி, என்னவோ தட்டி, ஒரு கடிதத்தை அந்தப் பக்கத்துச் சுவரில் வரவழைத்துப் பார்த்துத் தனக்குத் தானே சபாஷ் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நாங்கள் எல்லாரும் இதை மறந்துவிட்டோம். நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்து டைப்பிஸ்ட் அம்மா தன் விண்ணப்பத்தைத் திறந்தார். ஸ்கிரீனின் வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குத்தான் அது தெரிந்தது. மீதி வெளியே எங்கேயோ போய்விட்டது. ஆனால் பாருங்கள், அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு வராத பத்தி வந்துவிட்டது. கை விட்டுப் போவதற்குள் அடித்துவிட வேண்டும் என்று, ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு வார்த்தை மட்டும் தெரிய, மடமடவென்று அடித்து முடித்தார். முடித்த கையோடு, முழுசாகப் படித்துப் பார்க்கலாம் என்று விண்டோவின் தலைப்பட்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்படித் தட்டினால் ஸ்கிரீன் முழுக்க விரிய வேண்டும். விரியவில்லை. தெரிந்துகொண்டிருந்த நான்கு விரலும் காணாமல் போனது.

"ஐயோ, என்னாச்சு இதுக்கு?" என்றார்.

மனசுக்குள் சொல்லியிருக்கலாம். வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"நகருங்க, நான் பாக்கறேன்."

மணி இரண்டு இருபது. நாற்காலி உயர்ந்தது. கீபோர்டு கவிழ்ந்தது. "என்ன தொட்டீங்க?" விசாரணை முடிந்தது. டைப்பிஸ்ட் அம்மா தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நகருங்கசார் ஒரு கால் மணி நேரம் அங்கே இங்கே தட்டியபிறகு, எதைத் தட்டினார் என்று அவருக்கே தெரியாமல், பழைய நான்கு விரல் அகலம் மறுபடி தெரிந்தது. அவர் அதில் 'சோதனை சோதனை' என்று அடித்துப் பார்த்து, அழித்து, திரும்பவும் விரிக்கப் பார்க்க, அது மறுபடி ஓடி ஒளிந்தது. வந்தது. போனது. வந்தது.

"சார், அந்த மேல்பட்டையப் புடிச்சு இந்தப் பக்கமா இழுத்துப் பாக்கட்டுமா?" என்று டைப்பிஸ்ட் அம்மா மெதுவாகக் கேட்டார்.

நகருங்கசார் பதறிவிட்டார். "தொடாதீங்கம்மா! இழுத்தா ஃபைலே கரப்ட் ஆயிடும். இதெல்லாம் உள்ளுக்குள்ள செட்டிங்ஸ்ல பாக்கணும்."

உள்ளே போய்ப் பார்த்தார். எழுத்துகளின் அளவு மாறியது. ஸ்கிரீனின் நிறம் மாறியது. மௌஸின் அம்பு முன்பைவிட மூன்று மடங்கு பெரிதானது. மாற வேண்டியது மட்டும் மாறவில்லை. மணி மூன்றாகி, மூன்று பத்தாகி, "இந்த வெர்ஷனே இப்படித்தான்" என்பது வரை வந்துவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? ஃபைலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். நல்லவர்களை எதிர்த்துப் பழக்கமில்லை.

அப்போது நகருங்கசார் எழுந்து நின்றார். பிடுங்க வேண்டிய வயர்களைப் பிடுங்கினார், செருகினார். கறுப்பு வயரையும்தான் பிடுங்கினார், அதையும் பத்திரமாகத் திருப்பிச் செருகினார். "ஒரு தடவ ஆஃப் பண்ணி..."

"சார், இருங்க சார்!"

ஸ்கிரீன் அணைந்திருந்தது.

"சேவ் பண்ணியிருந்தீங்கல்ல?" என்றார், அதற்கப்புறம்.

நகருங்கசார்கள் எப்போதும் அதற்கப்புறம்தான் கேட்பார்கள். காலையில் சேவ் செய்த பழைய கடிதம் இருந்தது. கடைசிப் பத்தி போயே போய்விட்டது. நாம் மறந்தாலும் தானாகச் சேவ் செய்துகொள்ளும் வசதி ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது உண்மைதான். மெஷினை மெதுவாக்குகிறது என்று போன வருஷம் அதை நிறுத்தி வைத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றது. கடிதம் திறந்தது. வலது ஓரத்தில், அதே நான்கு விரல்.

மணி மூன்று முப்பது. டைப்பிஸ்ட் அம்மா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "என்ன எழுதினேன்னே ஞாபகம் வரல" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு நகருங்கசார் மேல் வந்த கோபத்தைவிட, குனிந்துகொண்டிருந்த என் மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

அந்த நேரத்தில் ஹால் கதவைத் திறந்துகொண்டு, கையில் துடைப்பத்தோடு, எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா வெளியே வந்தார்.

"ஏம்மா, உங்க லெட்டர்தானே உள்ள சுவத்துல ஓடுது? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. அந்தக் கடைசிப் பத்திய ஏன் எடுத்துட்டீங்க?"

நாங்கள் மூன்று பேரும் அக்கா பக்கம் திரும்பினோம்.

"ரெண்டு மணிக்கு ஹாலப் பெருக்கப் போனேன். சுவர் முழுக்க ஆளுயர எழுத்து. படிக்காம எப்படிம்மா இருக்கறது? நடுவுல யாரோ 'சோதனை சோதனை'ன்னு எழுதினாங்க. அதுதான் நல்லால்ல."

விண்டோ பெரிதாகத்தான் ஆகியிருந்தது. அதைவிடப் பெரிதாக ஆகவே முடியாது. என்ன, அந்தக் கறுப்பு வயர் வழியாகப் பக்கத்து அறைச் சுவரில் ஆகியிருந்தது.

டைப்பிஸ்ட் அம்மா அப்போது செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "கொஞ்சம் நகருங்க சார்" என்றார். நகருங்கசார் தன் வாழ்நாளில் முதல் தடவையாக நகர்ந்தார். டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியின் உயரத்தைக்கூடச் சரிசெய்யாமல் உட்கார்ந்து, அந்தப் பட்டையை மௌஸால் பிடித்து இடது பக்கமாக இழுத்தார். கடிதம் முழுசாக ஸ்கிரீனுக்குள் வந்து நின்றது. இரண்டு நொடி வேலை.

"அக்கா, அந்தப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"மறக்கற மாதிரியா எழுதியிருந்தீங்க? தினமும் சாயங்காலம் போன்ல அப்பா மொகம் தெரியும். பாப்பா மொகத்தத் தடவிப் பாக்கும். அப்புறம் போனத் திருப்பி, பின்பக்கத்தப் பாத்துட்டு, 'மீதி அப்பா எங்கம்மா?'ன்னு கேக்கும். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலன்னு முடிச்சிருந்தீங்க."

டைப்பிஸ்ட் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தார். அக்கா துடைப்பத்தை ஊன்றி நின்று ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேல 'தயவுகூர்ந்து'ன்னு மூணு தடவ வருது. ரெண்ட எடுத்துடுங்க. ரொம்பக் கெஞ்சற மாதிரி இருக்கு" என்றார். இரண்டு 'தயவுகூர்ந்து' உடனே போனது. மூன்று ஐம்பதுக்கு மேலாளர் கையெழுத்துப் போட்டார். அவரும் கடைசிப் பத்தியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததாகக் கேள்வி. நான்கு மணி வண்டியில் விண்ணப்பம் ஏறியது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குனிந்திருந்ததற்கு அந்த ஓட்டமாவது பரிகாரமாகட்டும் என்று.

இவ்வளவும் ஆனபிறகு நகருங்கசார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் புரியவில்லை. ஸ்கிரீனை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, திருப்தியோடு சொன்னார்:

"பாத்தீங்களா? ரீஸ்டார்ட் பண்ணதும் இழுக்க வந்துடுச்சு."

இரண்டு மாதத்தில் இடமாற்ற உத்தரவு வந்தது. விடைபெறும்போது டைப்பிஸ்ட் அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. நகருங்கசாரிடமும் சிரித்த முகத்தோடுதான் சொல்லிக்கொண்டார். "சார், அடுத்து வர்றவங்கள அந்த நாற்காலில கொஞ்ச நேரமாவது உக்கார விடுங்க சார்." அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். டைப்பிஸ்ட் அம்மாவின் விண்டோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டது என்று நான் சொன்னபோதே, "அட, இதுக்குப் போய் ஏன் இந்தப் பாடு, நான் இருந்திருந்தா..." என்று உங்களுக்குக் கை துறுதுறுத்ததா? துறுதுறுக்கவில்லை என்றால் சந்தோஷம். துறுதுறுத்திருந்தால், இன்று வீட்டுக்குப் போய் உங்கள் மனைவியோ கணவரோ மகளோ கம்ப்யூட்டர் முன்னால் உச்சுக் கொட்டும்போது ஐந்து நிமிஷம் கழித்து ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்களா? பக்கத்தில் யாராவது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களா? அப்படியென்றால், கொஞ்சம் நகருங்கள்.