நின்ற இடத்திலேயே சூடான வண்டி

புரூஃப் சார் அன்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் முடிவுக்கு வந்தால் வீட்டில் யாருக்காவது தலைவலி ஆரம்பம். வீட்டில் இருப்பதோ அவரும் அவர் மனைவியும்தான்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் உத்தியோகம். நானூறு பக்கப் புத்தகத்தில் ஒரே ஒரு ஒற்று விட்டுப்போனாலும் லபக்கென்று பிடித்துவிடுவார். "என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது" என்று சொல்லிக்கொள்வார். பாவம், அதை அவரே நம்பவும் செய்தார்.

மாமனார் கொடுத்த கார் ஒன்று ஷெட்டில் நின்றது. வயது இருபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார். மற்ற நாளெல்லாம் அவர் பஸ்ஸில் ஆபீஸ் போவார், கார் சாவியும் சட்டைப்பையில் கூடவே போகும். மனைவி லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. சாவி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"பழைய வண்டிம்மா. இதுக்குன்னு ஒரு கை வேணும்."

அவளும் சரி என்று தையல் மிஷினுக்குத் திரும்பிவிடுவாள். வீடுவீடாக ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் சாயங்காலம் வந்தது. ஆபீஸ் விட்டு வந்தவர் செருப்பைக் கழற்றக் கார் பானட்டில் கை ஊன்றினார். மூன்றாவது நாளாகச் சுரீரென்றது.

"ஏம்மா! ஓடி வா! வண்டி கொதிக்குது!"

கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடி வந்தாள்.

"எங்க போயிட்டு வந்துச்சு?"

"எங்கயும் போகல. அதுதானே சங்கதி! மூணு நாளா பார்க்கறேன். நின்ன இடத்துலயே சூடாகுது!"

மனைவி டேப்பின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பயந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

"வயசாயிடுச்சுல்லங்க. சும்மா இருந்தாலே சூடாகும். வீட்டுக்குள்ளயே அப்படி ஒருத்தர் இருக்காரே."

"விளையாடாதே. கூலன்ட் போச்சு. இஞ்சினைச் சுத்தி ஓடிக் குளிர வைக்கிற தண்ணி அது. அது கெட்டா எல்லாம் கெட்டுது."

"நிக்கிற வண்டியில அது ஏங்க ஓடுது?"

"குறுக்க பேசாதே."

பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். மனைவி பளாரென்று கையைத் தட்டிவிட்டாள்.

"சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்துடும்! ஆறட்டும்."

"எனக்குத் தெரியாதா? சோதிச்சேன்."

மறுநாளிலிருந்து ஆராய்ச்சி தொடங்கியது. கூலன்டில் பச்சை உண்டு, ஆரஞ்சு உண்டு, ரோஸ் உண்டு, நீலம் உண்டு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார். அப்படியே வண்டியையும் அலசினார். பெட்ரோல் முள், போன ஞாயிறு விட்ட இடத்தைவிட மேலே நின்றது.

"பார்த்தியா? ஓட்டுற கை ஓட்டினா பெட்ரோல் குறையவே குறையாது!"

"குறையாதது சரி, ஏறியே இருக்கே. கைராசிங்க உங்களுக்கு."

பின் சீட்டில் நீல நூல் கிடந்தது. எலி என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டப்பாவோடு வந்து இறங்கினார்.

"புத்தம்புதுசு. அஞ்சு வருஷம் தாங்குமாம்!"

"ஐயையோ, அதை ஊத்தாதீங்க. நம்ம ரேடியேட்டர் செம்பு, பித்தளை, ஈயப் பத்தவைப்பு. அந்தக்காலப் பச்சைதான் அதுக்கு ஒத்துக்கும். உள்ள மிச்சமிருக்கிற பச்சையோட இது கலந்தா கூழாகி அடைச்சுக்கும்."

புரூஃப் சார் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"சும்மா... காதுல விழுந்தது."

காதில் விழுந்ததை நம்புகிற ஆளா அவர்? டப்பாவோடு நேரே பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் காருக்கு அடியில் படுத்திருந்தார். நின்ற வண்டி சூடாகும் கதையைக் கேட்டதும் வெளியே வந்தார்.

"எப்ப சூடாகுது சார்?"

"நான் ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துல."

"ஞாயித்துக்கிழமை?"

"நான் எடுக்காட்டி ஆகறதில்ல. அன்னைக்கு நான் வீட்டுல இருக்கேன்ல, அதுக்கு ஒரு பயம்."

பட்டறைக்காரர் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அவளுக்கு என்னய்யா தெரியும்?"

"அதுவும் சரி. ஆரஞ்சை வாங்கின இடத்துலயே கொடுத்துட்டு வாங்க. செம்பு ரேடியேட்டர், பச்சைதான். பழசை வடிச்சு, நல்ல தண்ணி விட்டுக் கழுவி, அப்புறம் பாதி பச்சை, பாதி டிஸ்டில்டு வாட்டர்."

"நானும் இதையேதான் சந்தேகப்பட்டேன்!"

ஞாயிறு காலை. ஆறிக் கிடந்த வண்டியில் பழசை வடித்தார், கழுவினார், பச்சையை ஊற்றினார். சட்டையிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். நிமிர்ந்து நின்று அறிவித்தார்.

"இதுக்கப்புறமும் ஒரு நாள் சூடானா, அவ்வளவுதான். வித்துடப்போறேன்."

மனைவியின் முகம் அப்படியே சுண்டிவிட்டது. பத்து நாளில் முதல் தடவையாக அவள் சிரிப்பை அடக்கவில்லை, அடக்கச் சிரிப்பே இல்லை.

"எங்கப்பா வண்டிங்க அது."

புரூஃப் சாருக்கு மனசு கேட்கவில்லை.

"சரி சரி, அழாதே. அஞ்சு நாள் பார்ப்போம். அஞ்சு நாளும் சில்லுன்னு நின்னா சாவியை உன் கையிலயே தந்துடறேன். குணமான வண்டியை யார் வேணா ஓட்டலாம்."

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் பார்த்து அனுப்பின புரூஃப் மாதிரி. இனி திருத்தமே கிடையாது."

"இந்த நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பானட்டைத் தொட்டார். சில்லென்றிருந்தது. செவ்வாய் தொட்டார். சில். புதன்கிழமை கன்னத்தை வைத்தே பார்த்தார். ஷெட்டிலேயே ஒரு சுற்று ஆடிவிட்டு வந்தார். ஆபீஸில் டீ குடிக்க வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்து செம்பு, பித்தளை, ஈயம் என்று பாடம் எடுத்தார்.

வீட்டில்தான் கொஞ்சம் இட நெருக்கடி. ஹாலில் மடித்த திரைகள் குவிந்துகொண்டே போயின. வியாழக்கிழமை நாற்காலியையே காணோம்.

"என்னம்மா இது, துணிக்கடை மாதிரி?"

"இந்த வாரம் டெலிவரி போகலங்க."

"ஏன்?"

"உங்க ஆராய்ச்சி நல்லபடியா முடியட்டும்னு இருக்கேன்."

எவ்வளவு அக்கறை! அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் சில். ஒரே ஒரு குறை, பெட்ரோல் முள் முன்போலத் தானாக ஏறவில்லை. அதை அடுத்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கி வைத்தார்.

சனிக்கிழமை காலை, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஷெட்டுக்கு வந்தார். சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பயப்படாதே. நம்ம கேட் குறுகல். எனக்கே எட்டுத் தடவை முன்ன பின்ன எடுக்கணும். உனக்கு இருபது ஆகும். நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தரேன்."

"எங்க உட்காருவீங்க?"

அப்போதுதான் பார்த்தார். பின் சீட்டு, முன் சீட்டு, எங்கும் திரைகள். ஓட்டுகிற இடம் மட்டும் காலி.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் கொடுத்த சாவியைச் செருகினாள், திருப்பினாள், உதட்டைப் பிதுக்கினாள். உருவி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது இறுக்குதுங்க. அதிகம் புழங்காத சாவி பாருங்க."

கைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தாள். தேய்ந்து பளபளவென்று இருந்தது. வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது. ரிவர்ஸ் போட்டவள் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தக் குறுகல் கேட் வழியே ஒரே வளைவு. இந்தப் பக்கம் உரசவில்லை, அந்தப் பக்கமும் உரசவில்லை. வண்டி தெருவில் நின்றது.

புரூஃப் சார் வாயைத் திறந்தபடி, கையில் சாவியோடு, ஷெட்டில் நின்றார்.

அவள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"ஏங்க, சாயங்காலம் பானட்டைத் தொட்டுப் பார்த்துட்டு மறுபடியும் கூலன்டை மாத்திடாதீங்க. சூடாத்தான் இருக்கும்."