படிப்புக்குப் பாதிப்பில்லை

“வழிகாட்டிப் பேராசிரியரை வேலையை விட்டு எடுத்துட்டாங்களாம். நிதி இல்லையாம். ஆனா என் படிப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லையாம்,” என்று கடிதத்தைக் கணவரிடம் நீட்டினார் மேடம்.

“டிரைவரை இறக்கிவிட்டாச்சு, பஸ் வழக்கம்போல ஓடும்ங்கிறாங்க,” என்றார் கணவர். அவர் பஸ் டிரைவர்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக மேற்பார்வையாளர் என்பதால், எல்லோருக்கும் அவர் மேடம். கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைதூரக் கல்வியாக ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்துவந்தார். இன்னும் இரண்டு மாதத்தில் மேலாளர் பதவி காலியாகிறது. பட்டம் இருந்தால் அது மேடத்துக்கு. இல்லாவிட்டால், தலையணை உறைக்கும் மெத்தை உறைக்கும் வித்தியாசம் தெரியாத, நிர்வாகியின் மச்சானுக்கு.

விரிப்புகளும் தொற்றுத் தடுப்பும் பற்றிய ஆய்வேடு முடிந்துவிட்டது. பாக்கி வழிகாட்டியின் ஒரே ஒரு கையெழுத்து.

மேடம் புகார்ப் பிரிவுக்கு எழுதினார். ‘நிதிக் குறைப்பால் புகார்ப் பிரிவு மூடப்பட்டது. இதுபற்றிய புகார்களைப் புகார்ப் பிரிவுக்கு அனுப்பவும்’ என்று பதில் வந்தது.

துறைத் தலைவருக்கு எழுதினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. அவருடைய துறையையே கால்நடை மருத்துவத்தோடு சேர்த்துவிட்டார்களாம். ஆகவே ஆய்வேட்டில் கால்நடைகள் பற்றி ஓர் அத்தியாயம் கட்டாயமாம்.

“மாட்டுக்கு யாரும்மா பெட்ஷீட் விரிக்கிறாங்க?” என்றார் கணவர்.

“விரிச்சா எப்படித் துவைக்கணும்னு எழுதிட்டுப் போறேன்!”

இருபது பக்கம் எழுதி வெள்ளிக்கிழமை அனுப்பினார். திங்கட்கிழமை கால்நடைத் துறையும் மூடப்பட்டது.

மேடத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இணையதளத்தில் கண்ட முகவரிக்கெல்லாம் அதே கடிதத்தைத் தட்டிவிட்டார். நூலகம், விளையாட்டு, தோட்டப் பராமரிப்பு, எதையும் விடவில்லை. தோட்டத்திலிருந்து மட்டும் ஒரு மனிதர் பதில் போட்டார்: ‘அம்மா, இங்கே நான் ஒருவன்தான் மிச்சம். யாராவது கண்ணில் பட்டால் சொல்கிறேன்.’

சொல்லிவிட்டார் போலிருக்கிறது. பத்தாம் நாள் புதிய கடிதம் வந்தது: ‘உங்கள் மொழி பேசும் ஒருவரோடு உங்களை இணைத்திருக்கிறோம். மூன்று வாரம் வீடியோவில் கலந்துரையாடவும். முடிவில் ஆய்வேட்டில் கையெழுத்திடப்படும்.’

முதல் நாள் திரையில் தெரிந்தவருக்கு நரைத்த தலை, தடித்த கண்ணாடி. பின்னால் அலமாரி நிறையப் புத்தகம். மேடம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அவரும் சட்டென்று எழுந்து நின்றார்.

“எவ்வளவு பணிவு பாருங்க! நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று பிறகு கணவரிடம் சொல்லி மாய்ந்துபோனார்.

ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விகள் குடைந்தெடுத்தன.

“ரத்தக்கறைத் துணியை முதல்ல ஏன் பச்சைத் தண்ணியில போடணும், மேடம்?”

“வெந்நீர்ல போட்டா கறை அப்படியே பிடிச்சுக்கும் சார்.”

சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார். மார்க் போடுகிறார் என்று மேடம் நினைத்துக்கொண்டார்.

“இது சரியாப் புரியலையே. இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்று அவர் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பதில் தப்பாகிவிட்டது என்று அர்த்தம். சலவை இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்க, நீராவிக்கு நடுவே நின்று மறுநாளுக்குப் படிப்பார். பதினாறு வருஷம் கையால் செய்த வேலைக்கெல்லாம் காரணம் தேடித் தேடி, மூன்று வாரத்தில் மேடம் இளைத்தே போனார்.

கடைசி நாள். கேமராவில் படாமல் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “கேளும்மா, வாய் விட்டுக் கேளு,” என்று கிசுகிசுத்தார்.

மேடம் திரைக்கு அருகே நகர்ந்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கையெழுத்தை இன்னிக்கே போட்டுடுவீங்களா?”

பெரியவர் கையிலிருந்த பேனா நழுவியது.

“நானா? மேடம், எனக்கும் படிப்புக்கு அதே கடிதம்தான் வந்துச்சு. நீங்கதான் என்னோட புதுப் பேராசிரியைன்னு நினைச்சு, நீங்க சொல்லச் சொல்ல ரெண்டு நோட்டு எழுதி முடிச்சிருக்கேன். தயவுசெஞ்சு சொல்லுங்க, நான் பாஸா?”