வெள்ளம் என்றொரு பட்டம்

தென்காசியில் நாலாம் பாரம், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு, படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நாலாம் பாரமாகவே வாழ்ந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் அவரை 'நாலாம்பாரம் அண்ணாச்சி' என்றே அழைத்தோம்.

வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில் பரீட்சையில் தவறினால் அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதுதான். அண்ணாச்சி அப்படி உட்கார்ந்துகொண்டே இருந்தார். ஹெட்மாஸ்டர்கள் மாறினார்கள், பெஞ்சுகள் மாறின, அவர் மாறவில்லை. மற்ற பையன்களுக்கு மீசை அரும்பத் தொடங்கிய வயதில் அவர் அதை முறுக்கி விட்டிருந்தார். ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்தபோது நேராக அண்ணாச்சியிடம் போய்க் கை குலுக்கிவிட்டு, அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த ஒல்லியான வாத்தியாரைப் பார்த்து, "தம்பி, நீ போய் உட்காரு" என்றார். அண்ணாச்சி பதறவில்லை. "சார்வாள் இப்பந்தான் வந்திருக்காவ. போகப் போகத் தேறிருவாவ" என்று சிபாரிசு செய்தார்.

சாரல் காலத்தில் எங்கள் பள்ளிக்கூட விடுதியில் எந்தத் துணியும் காயாது. அண்ணாச்சி மட்டும் உலர்ந்த வேட்டியில் வலம் வருவார். ரகசியம் இதுதான்: துவைத்த வேட்டியைக் கோயில் வாசலுக்கு எடுத்துப்போய், அங்கே எந்நேரமும் வீசும் காற்றில் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஏதோ கடுமையான நேர்த்திக்கடன் என்று நினைத்து, உள்ளே போகிறவர்கள் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

யாராவது கேலியாக "ஏய் நாலாம்பாரம்!" என்று கத்தினால் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து வணங்குவார். "சர்க்கார்ட்ட ராவ்பகதூர் பட்டம் வாங்க என்ன பாடு படுதானுவ! எனக்குப் பயலுவ சும்மால்லா குடுத்திருக்கானுவ" என்பார். கத்தியவனுக்குத்தான் முகம் தொங்கிப்போகும்.

எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. நான் மலைக்கு அந்தப் பக்கம், திருவாங்கூர் சமஸ்தானத்து ஆரியங்காவிலிருந்து வந்தவன். அப்பா அங்கே மரம் வெட்டும் கூப்பில் மேஸ்திரி. வீட்டில் தமிழ்தான், ஆனால் பாதி மலையாளம் ஊறிய தமிழ். மூன்றாம் பாரம் வரை ஊர்ப்பக்கம் படித்துவிட்டு, நாலாம் பாரத்துக்குத் தென்காசி வந்து விடுதியில் சேர்ந்தேன். முதல் நாள் பந்தியில் சோறு தொண்டையில் சிக்கியது. பரிமாறுகிறவரைப் பார்த்து, "கொஞ்சம் வெள்ளம் வேணும்" என்றேன். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்.

பந்தி முழுவதும் சிரித்தது. கூரை பிய்ந்தது.

"ஏலே, இவனுக்கு வெள்ளம் வேணுமாம்லே!" என்று எழுந்தான் கேப்டன். பந்தாட்டக் குழுவுக்குத் தலைவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஒரு செம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்து, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டான். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

விடவில்லை. அன்றிலிருந்து என் பெயர் வெள்ளம். பாயில் வெள்ளம், சட்டைப்பையில் வெள்ளம், டிரங்குப் பெட்டிக்குள் வெள்ளம். என் இங்கிலீஷ் புத்தகம் ஊறி உப்பி அப்பம்போல் ஆகிவிட்டது. வார்டனிடம் போய்ச் சொன்னேன். அவர் நியாயஸ்தர். கேப்டனுக்கு இரண்டு அடி கொடுத்தார். சமநீதி கெட்டுவிடக் கூடாது என்று எனக்கும் இரண்டு கொடுத்தார். "ஆம்பளப் பயலுவன்னா அப்படித்தான் இருப்பானுவ, போ" என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் என் பாயில் இரண்டு குடம் விழுந்தது.

பிறகு நான் பேசுவதையே விட்டுவிட்டேன். வாய் திறந்தால் என்ன சொல் வந்து விழுமோ என்று பயம். வகுப்பில் பதில் தெரிந்தும் ஊமையாக நின்றேன். வாத்தியார் என்னை மக்கு என்று முடிவு கட்டினார். சாப்பிடும்போது தண்ணீர் கேட்பதை நிறுத்தினேன். கேட்கப் பயந்து, வறண்ட சோற்றை விழுங்கிவிட்டு எழுந்து போய் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குடிப்பேன். ஒரு மாதம் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. திங்கட்கிழமை காலை ரயிலுக்குப் போய்விடுவது என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். ஊருக்குப் போனால் அப்பா திட்டமாட்டார். "சரி, மரம் அளக்க வா" என்பார். அத்தோடு என் படிப்பு முடிந்துவிடும்.

சனிக்கிழமை மத்தியானப் பந்தியில் எனக்கு விக்கல் எடுத்தது. நிற்கவே இல்லை. பக்கத்து இலையில் அண்ணாச்சி.

"ஏலே, தண்ணி கேட்டா வாய்முத்து உதிர்ந்திருமோ?"

தலையை ஆட்டினேன். கண்ணில் நீர் கட்டிவிட்டது. விக்கலுக்கு நடுவே, அழுகைக்கு நடுவே, என் பாஷையிலேயே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். ரயிலையும் சொன்னேன். அவர் தம் செம்பை என் பக்கம் தள்ளிவிட்டு, மீசையில் ஒட்டியிருந்த மோரைத் துடைத்தபடி யோசித்தார். பிறகு எழுந்து நின்று பந்தி முழுவதும் கேட்கும்படி முழங்கினார்.

"பயலுக்குப் பட்டம் குடுத்தீயளே, விழா எங்கலே? மொறை தெரியாத பயலுவளா! நாளைக்குக் குத்தாலத்துல பட்டமளிப்பு விழா. பட்டம் குடுத்தவன் எந்திரிச்சு, என்னத்துக்காவக் குடுத்தேன்னு எல்லாருக்கும் சொல்லணும்."

பந்தி ஆரவாரம் செய்தது. கேப்டன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். எனக்கு உயிரே போயிற்று. இவரும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியே குற்றாலத்துக்கு நடந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது. அருவி இரைந்து கொட்ட, பாறையெல்லாம் எண்ணெய் தேய்த்த முதுகுகள். அண்ணாச்சி ஈரத்துண்டை அங்கவஸ்திரம்போல் எனக்குப் போர்த்தி, ஒரு பாறையில் உட்கார்த்தினார். நான் தலை நிமிரவில்லை.

"இப்போ கேப்டன் அவர்கள் பேசுவார்கள்!"

கேப்டன் சிரித்துக்கொண்டே எதையோ சொன்னான். அருவி இரைச்சலில் காதில் விழவில்லை.

"கேக்கலலே! சத்தமா!"

"இவன் தண்ணிய வெள்ளம்னு சொல்லுதான்!"

"சரி. அப்புறம்?"

"அப்புறம்... வெள்ளம்னுதான் சொல்லுதான்."

"அதைச் சொல்லிட்டியே. அதுக்கு மேல?"

கேப்டன் எங்கள் கூட்டத்தைப் பார்த்தான். எப்போதும் சிரிக்கிறவர்களுக்கு எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியவில்லை. சிலர் அருவியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி விடவில்லை. "கடைசி வரிசைக்குக் கேக்கல. இன்னொருக்க!"

கேப்டன் நரம்பு புடைக்க அலறினான்: "தண்ணிய! வெள்ளம்னு! சொல்லுதான்!"

அப்போது கீழ்ப் பாறையிலிருந்து, உடம்பெல்லாம் எண்ணெயாக ஒரு கனத்த மனிதர் எழுந்து நின்றார். கொல்லத்திலிருந்து குடும்பத்தோடு குளிக்க வந்தவர். கவலையோடு கேப்டனைப் பார்த்தார்.

"எந்தா மோனே? வெள்ளம் வேணோ? இதா, இஷ்டம்போலே வெள்ளம்!" என்று அருவியைக் காட்டினார். அவர் மனைவி, "பாவம், தாகிக்குந்நுண்டாவும்" என்று கூஜாவை எடுத்து நீட்டினாள். பாறைக்குப் பாறை சேர நாட்டுக்காரர்கள் எழுந்து, "வெள்ளம் ஆர்க்கா? வெள்ளம் ஆர்க்கா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சீசனில் குற்றாலத்தில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள். நான் அன்றுதான் தலையைத் தூக்கி அவர்களைப் பார்த்தேன். ஒரு மாதமாக இந்த உலகத்தில் தண்ணீரை அப்படிச் சொல்கிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேப்டன் கையில் கூஜாவோடு நின்றான். குடிக்காமல் இருக்க முடியவில்லை, குடித்தான். எங்கள் கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. "கேப்டன் வெள்ளம்! கேப்டன் வெள்ளம்!" என்று எவனோ தாளம் போட்டான். கேப்டனின் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்த நடுக்கமாக இருந்தது.

அண்ணாச்சி பாறைமேல் ஏறினார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"நிறுத்துங்கலே! ஒருத்தன் இப்பந்தான் அழுது ஓஞ்சிருக்கான், அடுத்தவன ஆரம்பிச்சு வைக்காதீய. கேப்டன் ஒரு செம்பு ஊத்துனான், வாஸ்தவம். நீங்க சிரிக்காம இருந்திருந்தா அவன் ரெண்டாஞ்செம்பு மோந்திருக்க மாட்டான். இந்தப் பட்டம் ரத்து. எல்லாரும் போய்க் குளிங்க."

பிறகு என்னிடம் குனிந்து, "நாளைக்கு ரயிலு எத்தன மணிக்குலே?" என்றார்.

"போவல அண்ணாச்சி" என்றேன்.

அதற்குப் பிறகு என் பாய் நனையவில்லை. கூரை ஒழுகிய நாட்களைச் சேர்க்கவில்லை. சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்த கேப்டன், ஒரு சாயங்காலம் என்னைத் தனியே கூப்பிட்டான். "ஏலே, மலையாளத்துல வைய்யது எப்பிடிலே? செங்கோட்டைக்காரனுவ கூட மேட்ச் வருது" என்றான். அப்போது செங்கோட்டையும் திருவாங்கூரில்தான் இருந்தது. நான் அவனுக்கு நல்ல சொற்களாகப் பொறுக்கிச் சொல்லிக் கொடுத்தேன். மைதானத்தில் அவன் எதிராளியைப் பார்த்து ஆவேசமாக "ஐயா, சுகந்தானே?" என்று மலையாளத்தில் கத்தினான். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

குற்றாலத்தையும் மலையாளிகளையும் கணக்குப் போட்டுத்தான் விழாவை அங்கே வைத்தீர்களா என்று அண்ணாச்சியிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். "நான் குளிக்கத்தாம்லே போனேன்" என்பார்.

வருஷ முடிவில் நான் ஐந்தாம் பாரத்துக்குத் தேறினேன். கேப்டனும் தேறினான். பட்டியலில் அண்ணாச்சி பெயர் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் முதுகில் ஓர் அடி வைத்தார்.

"போலே. அடுத்த வருசமும் எவனாவது பெட்டியும் கையுமா வந்து முழிச்சுக்கிட்டு நிப்பாம்லா. அவனுக்கு ஆளு வேண்டாமா?"

அவர் தவறியது அல்ஜீப்ராவில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன காரணத்தைத்தான் நான் நம்புகிறேன்.